உங்கள் மகள் செவிலியரா?



2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்து சென்றபின், சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் பெரிய உறை ஒன்றைக் கையில் ஏந்தியபடி என் முன் வந்து நின்றார். மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்திற்குப் பிழைக்க வந்தவர். சாலைக் கடைத்தெருவில் சுமை இறக்கி, வயிற்றைக் கட்டி, மகளை பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க வைத்தவர்.

"ஐயா, மகளுக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இந்தத் தாள்களின்மேல் கைவைத்து ஜெபியுங்கள்" என்றார்.

நான் ஜெபித்தேன். உறையைத் திறந்து பார்க்கவில்லை.

அந்த வேலைக்காக அவர் ஓர் ஏஜென்ட்டிடம் பன்னிரண்டு லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். ஊரில் இருந்த வீட்டின் பத்திரம் அடமானத்தில் போயிருந்தது. மகள் விமானம் ஏறிப் போனாள். போன பிறகுதான் தெரிந்தது, உறைக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தது நர்ஸ் வேலை அல்ல என்று. முதியோரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவு ஊட்டும் 'கேர் ஒர்க்கர்' வேலை அது. அந்த வேலையில் எந்த இழிவும் இல்லை. ஆனால் நான்கு ஆண்டு படித்து, மூன்று ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்ற ஒரு செவிலியரின் வேலை அதுவல்ல. அழைத்த நிறுவனமோ சொன்னபடி வேலை கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அதன் உரிமமும் ரத்தானது. அறுபது நாட்களுக்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும் என்று கடிதம் வந்தது. கிடைக்கவில்லை. மகள் திரும்பி வந்தாள். இன்று இந்த நகரத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். வாங்கும் சம்பளத்தில் பெரும் பகுதி வட்டிக்குப் போகிறது.

நான் அன்று அந்த உறையைத் திறந்து ஒரே ஒரு தாளை வாசித்திருந்தால் போதும். அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இப்படிப்பட்ட உறைகளைக் கையில் வைத்திருக்கக்கூடும். அவற்றில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், தயவுசெய்து இறுதிவரை வாசியுங்கள்.

பதிவு எண் என்னும் சொத்து

முதலாவது ஒரு காரியத்தை அறிந்துகொள்ளுங்கள். நர்சிங் படித்தவர்கள் எல்லாரும் செவிலியர் அல்ல. மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவானவரே சட்டத்தின் பார்வையில் செவிலியர். கேரளத்தில் இந்தப் பதிவை நடத்துவது 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கேரள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். அதன் அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. தமிழகத்தின் கவுன்சில் சென்னையில் இருக்கிறது. அதன் வேர் 1926-ஆம் ஆண்டு மதராஸ் மாகாணச் சட்டத்தில் உள்ளது.

மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம் அல்லது நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் முடித்தவர் 'பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற தாய்மைச் செவிலியர்' என்று பதிவு செய்யப்படுகிறார். ஏ.என்.எம். படிப்புக்கும் பதிவு உண்டு. ஆனால் அது துணைச் செவிலியர் என்ற தனிப் பிரிவிலே வரும். இவை தவிர, "ஆறே மாதத்தில் நர்சிங்", "ஒரு வருடத்தில் உறுதியான வேலை" என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் படிப்புகளுக்கு எந்தப் பதிவும் கிடையாது. அந்தச் சான்றிதழைக் கொண்டு அரசுப் பணிக்கும் போக முடியாது, அயல்நாட்டிற்கும் செவிலியராகப் போக முடியாது. சிறிய மருத்துவமனையில் குறைந்த கூலிக்கு நிற்கலாம், அவ்வளவே.

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளைகள் நாகர்கோவிலிலோ, மதுரையிலோ, பெங்களூரிலோ படித்துவிட்டு வேலைக்கு இங்கே வருகிறார்கள். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் கேரளத்தில் பணிபுரிய வேண்டுமானால், கேரள கவுன்சிலில் மறுபடியும் பதிவு பெற வேண்டும். இதைப் பரஸ்பரப் பதிவு என்பார்கள். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, அனுபவச் சான்றிதழ் கேட்கும் நாளில் கலங்கி நிற்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே ஒரு கல்லூரியில் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தக் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா? அங்கே படித்தவரைக் கேரள கவுன்சில் பதிவு செய்கிறதா? இரண்டாவது கேள்விக்குக் கல்லூரியின் பதிலை நம்பியிருக்க வேண்டாம். கவுன்சில் அலுவலகத்திற்கே சென்று கேளுங்கள்.

இன்னொன்று, நம் தமிழ்ப் பெயர்களைப் பற்றியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, கல்லூரியில் தகப்பனார் பெயர் முழுவதும், பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரும் சேர்த்து என்று எழுதியிருந்தால், சான்றிதழ் சரிபார்க்கும் அயல்நாட்டு அதிகாரிக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். படிப்புத் தொடங்குமுன்னரே எல்லாத் தாள்களிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

இந்தத் தொழில் நம் வீட்டிற்கு வந்த வழி

ஒரு காலத்தில் செவிலியர் வேலைக்குத் தங்கள் பெண்களை அனுப்ப இந்நாட்டில் பலர் கூசினார்கள். அந்நியரின் இரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை தீட்டு என்று எண்ணப்பட்டது. 1871-இல் மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியபோதும் இந்த எண்ணம் வலுவாகவே இருந்தது. திருவிதாங்கூரில் நோயாளிகளைப் பராமரிக்க ஆட்கள் போதாமையால், 1906-இல் சுவிட்சர்லாந்திலிருந்து திருச்சிலுவைக் கன்னியர் வரவழைக்கப்பட்டார்கள். நம் குமரி மண்ணில் 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். எவரெஸ்ட் ஏறச் சென்ற டாக்டர் சாமர்வெல் பின்னர் அங்கேதான் பல்லாண்டு பணி செய்தார். வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளியும் 1946-இல் பட்டப் படிப்பும் தொடங்கின. இத்தகைய மருத்துவமனைகளின் வழியாகத்தான் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்கள் வெள்ளுடை அணிந்தார்கள்.

1960-களில் கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றார்கள். அதன்பின் வளைகுடா திறந்தது. பிறகு அமெரிக்கா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா. கேரளத்தின் எத்தனையோ ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறியதற்கும், தம்பிமார் படித்ததற்கும், தங்கைமாரின் திருமணம் நடந்ததற்கும் பின்னால் ஓர் அக்காளின் இரவுப் பணி இருக்கிறது. நம் குடும்பங்களிலும் அப்படியே. ஆகவே இந்தத் தொழிலுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

'சேவை' என்ற சொல்லின் பின்னால்

ஆனால் உள்நாட்டில் அந்த அக்காளின் நிலை என்ன? 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் 33 லட்சத்திற்கும் அதிகமான செவிலியர் பணியாளர்கள் பதிவு பெற்றிருந்தார்கள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ இரண்டு பேர் என்பது மத்திய அரசு தந்த கணக்கு. மூன்று பேராவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆள் குறைவு என்றால் கூலி உயர வேண்டும் அல்லவா? தனியார் மருத்துவமனைகளில் அது நடக்கவில்லை. சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, 'பாண்ட்' என்ற பெயரில் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட காலம் இருந்தது. 2011-ஆம் ஆண்டு மும்பையில் ஒரு கேரளச் செவிலியர் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, நாட்டின் பல நகரங்களில் செவிலியர் வீதிக்கு வந்தார்கள். அதே ஆண்டில் கேரளத்தில் யுனைட்டெட் நர்சஸ் அசோசியேஷன் என்ற சங்கம் பிறந்தது.

2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரை செய்தது. பரிந்துரை தாளிலேயே இருந்தது. 2017-இல் கேரளச் செவிலியர் போராடினார்கள். ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. அதுவும் தாமதமாகவே, சேர்த்தலையிலிருந்து தலைமைச் செயலகம் வரை நடந்தே வருவோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். நடைப்பயணம் தொடங்க இருந்ததற்கு முந்தின நாள், 2018 ஏப்ரல் 23 அன்று, 20,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தை நிர்ணயித்து அரசு அறிவிக்கை வெளியிட்டது. படுக்கை எண்ணிக்கைக்கேற்பக் கூடுதல் படியும் சேர்க்கப்பட்டது.

தமிழகத்தின் கதையையும் கேளுங்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று, அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியருக்குக் கொடுக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடி அமர்ந்து போராடிய பின்னரே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டு மே 21 அன்று, கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிப்பா நோயாளியைப் பராமரித்த லினி என்ற செவிலியர் அதே நோயால் மரித்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். நாடெங்கும் அவரைத் தியாகி என்று போற்றினார்கள். அவர் ஓர் ஒப்பந்த ஊழியராகவே பணியாற்றினார் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

"இது சேவை அல்லவா? சேவைக்குச் சம்பளம் பேசலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தபின், அவனைப் பராமரிக்கும் பொறுப்பைச் சத்திரக்காரனிடம் சும்மா விட்டுப் போகவில்லை. கையிலிருந்து பணம் கொடுத்தான். அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்குக் கொடுத்தான். பிறர் செய்யும் பராமரிப்புக்கு அவன் விலை கொடுத்தான். நம்மில் மருத்துவமனை நடத்துகிறவர்களும் நிர்வாகத்தில் இருக்கிறவர்களும் உண்டு. அவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அரசுப் பணி என்னும் கதவு

அயல்நாட்டை மட்டுமே பார்த்து நிற்கும் பெற்றோர் பலர், அருகிலுள்ள கதவுகளைத் தட்டிப் பார்ப்பதில்லை. கேரள அரசுத் தேர்வாணையம் செவிலியர் பணிக்கு அறிவிப்பு வெளியிடுகிறது. 2019-ஆம் ஆண்டு ஊதியத் திருத்தப்படி அந்தப் பணியின் தொடக்க அடிப்படை ஊதியமே 39,300 ரூபாய். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்ற பொதுத் தேர்வு 2020 முதல் நடக்கிறது. அதில் வெல்பவரின் அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக்குழுவின்படி 44,900 ரூபாயில் தொடங்குகிறது. அந்தப் பணியிடங்களில் நூற்றுக்கு எண்பது பெண்களுக்கு உரியவை. ராணுவச் செவிலியர் சேவையும், ரயில்வே, இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் உண்டு.

தமிழகத்தில் அரசுப் பணியை நாடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 2021 டிசம்பர் ஆணைக்குப்பின், தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். திருவனந்தபுரத்தில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் படித்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் வேதத்தைத் தமிழில் கேட்கிறார்கள், ஆனால் வாசிக்க அறியாதிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்பிப்பது நாளை அவர்களுக்குச் சோறு போடவும் கூடும்.

இந்த அரசுத் தேர்வுகளில் போட்டி கடுமை. ஓரிடத்திற்குப் பலர் எழுதுகிறார்கள். ஆயினும் இவற்றுக்கு ஏஜென்ட் தேவையில்லை, வீட்டுப் பத்திரம் தேவையில்லை. விண்ணப்பக் கட்டணமும் உழைப்பும் போதும். பணம் கேட்டு யாராவது வந்தால், அவரை உடனே வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கடலுக்கு அப்பால் உள்ள நிலைமை

உலகில் செவிலியர் தேவை பொய்யல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2023-இல் உலகெங்கும் 2 கோடியே 98 லட்சம் செவிலியர் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் குறைவு. ஆனால் 'உலகில் தேவை உண்டு' என்பதும் 'உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு இந்த நாட்டில் வேலை உண்டு' என்பதும் வெவ்வேறு செய்திகள். ஏஜென்ட்டுகள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்கிறார்கள்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செவிலியராகப் பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். பின்பு கணினி வழித் தேர்வும், அங்கே சென்றபின் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வும் உண்டு. சில ஆண்டுகள் அந்நாடு நம் பிள்ளைகளை வரிசையாக அழைத்தது. பிறகு நிலை மாறியது. 2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டைவிட, அடுத்த ஆண்டில் அயல்நாடுகளிலிருந்து புதிதாகப் பதிவு பெற்றவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தார்கள். கேர் ஒர்க்கர் விசாவோ 2022 பிப்ரவரியில் திறந்தது. 2024 மார்ச்சில் அந்த விசாவில் செல்வோர் குடும்பத்தை அழைத்துச் செல்வது நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 22 அன்று அயல்நாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதே மூடப்பட்டது. திறந்த கதவு மூன்றரை ஆண்டுகளில் அடைபட்டது. அந்த இடைவெளியில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் கைமாறினவோ!

அமெரிக்காவிற்கு என்கிளக்ஸ் தேர்வில் தேறினாலும், இந்தியாவில் பிறந்தவருக்குக் குடியேற்ற விசா கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாக இரண்டாண்டு மருத்துவமனை அனுபவமும், அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும், சான்றிதழ் சரிபார்ப்பும் வேண்டும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே முதல் வாசல். அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெற பி-2 நிலை மொழித்திறன் வேண்டும். அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில், குறைந்த ஊதியத்தில் பணி செய்ய வேண்டியிருக்கும். மொழி கற்க ஓராண்டு போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது பணத்தால் வாங்க முடியாத ஓராண்டு.

செல்லும் நாட்டின் அமைதியையும் விசாரியுங்கள். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் போரின் நடுவே சிக்கினார்கள். ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் வந்திறங்கியபோது தேசமே மூச்சு விட்டது. படிப்புக்கும் பயணத்துக்கும் வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்ற கவலையும் அவர்களில் பலரோடு கூடவே வந்திறங்கியது.

சட்டம் சொல்வது

இப்பொழுது பணத்தைப் பற்றிப் பேசுவோம். அயல்நாட்டு வேலைக்கு ஆளனுப்பும் ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். விதிப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு ரசீது தர வேண்டும். லட்சங்களைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. இங்கிலாந்தின் ஆளெடுப்பு நெறிமுறையோ, வேலை தேடுகிறவரிடமிருந்து ஏஜென்ட் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. நான் அன்று திறக்காத உறைக்கு விலை பன்னிரண்டு லட்சம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2015-இல் கொச்சியில் வெளிவந்த ஒரு வழக்கு நாட்டையே திகைக்க வைத்தது. குவைத்திற்குச் செவிலியரை அனுப்ப 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஒரு நிறுவனம், ஒவ்வொருவரிடமும் 19.5 லட்சம் ரூபாய் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 முதல், குவைத், சவூதி அரேபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியருக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஆளெடுக்கும் பொறுப்பு அரசு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டது.

அந்த அரசு நிறுவனங்கள் எங்கே இருக்கின்றன? கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் தலைமை அலுவலகம் நம் தைக்காட்டில் இருக்கிறது. 1977-இல் தொடங்கிய ஒடெபெக் நிறுவனமும் இந்த நகரத்தில்தான். தமிழகத்தில் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. நோர்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையோடு 'ட்ரிபிள் வின்' என்ற திட்டத்திற்கு ஒப்பந்தம் செய்தது. அதில் தேர்வாகும் செவிலியருக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியும் பணியமர்த்தலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேர்வாவது எளிதல்ல, காத்திருக்கவும் வேண்டும். ஆனால் தேர்வாகாதவர் ஒரு ரூபாயும் இழப்பதில்லை. நோர்காவின் அயல்மொழிப் பயிற்சி நிலையமும் 2023-இல் இங்கே தொடங்கியது. ஏழைக் குடும்பத்தினருக்கு அங்கே கட்டணச் சலுகை உண்டு.

இவையெல்லாம் தம்பானூர் பேருந்து நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்க, நம் ஜனங்கள் கடன் வாங்கிக்கொண்டு ஏஜென்ட்டின் குளிரூட்டப்பட்ட அறையைத் தேடிப் போகிறார்கள். அறியாமை ஒரு காரணம். அரசு அலுவலகத்தில் யார் நம்மை மதிப்பார்கள் என்ற கூச்சம் இன்னொரு காரணம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்பான தகப்பன்மாரே, தாய்மாரே, நான்கு காரியங்களைக் கைக்கொள்ளுங்கள்.

ஒன்று, வேலை உத்தரவை நீங்களே வாசியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பதவியின் பெயர், சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், யார் முதலாளி என்ற ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு, ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். திருவனந்தபுரத்திலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உண்டு. அங்கே சென்றும் கேட்கலாம்.

மூன்று, மூலச் சான்றிதழ்களை எவரிடமும் பிணையாக விட்டுவைக்காதீர்கள். மருத்துவமனை கேட்டாலும், ஏஜென்ட் கேட்டாலும் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள்.

நான்கு, உங்கள் மகளிடம் கேளுங்கள். அவள் போக விரும்புகிறாளா? எந்த நாட்டிற்கு? வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு, அக்காளின் சீர் எல்லாவற்றையும் அவளுடைய ஒற்றைத் தோளில் ஏற்றிவிட்டு, அதற்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைக்காதீர்கள். இரவெல்லாம் பிறர் பிள்ளைகளுக்காக விழித்திருப்பவள் அவள். அவளுக்காகவும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சபைகளில் பணியில் இருக்கும் செவிலியரும் ஓய்வு பெற்ற செவிலியரும் உண்டு. மாதத்தில் ஒரு மாலை அவர்கள் பிளஸ் டூ பிள்ளைகளோடு அமர்ந்து பேசட்டும். எந்தக் கல்லூரி, எந்தத் தேர்வு, எந்த நாடு என்று அவர்கள் சொல்வது எந்த விளம்பரத்தையும்விட நம்பத் தகுந்தது.

இன்னொரு உறை

சென்ற ஆண்டு இன்னொரு தகப்பன் வந்தார். அவர் கையிலும் ஓர் உறை. "ஐயா, ஜெபியுங்கள்" என்றார். "ஜெபிப்போம். அதற்குமுன் இதைத் திறப்போம்" என்றேன். அவர் முகம் சற்று வாடியது. ஊழியக்காரன் சந்தேகப்படுகிறானே என்று நினைத்திருப்பார். மேசையின்மேல் தாள்களைப் பரப்பினோம். எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஒரு ஹெட் நர்ஸ் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஏழு லட்சம் கேட்டிருந்தார்கள். உரிம எண் எங்கும் இல்லை. முதலாளியின் பெயரும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. நாங்கள் மூவரும் அந்த மகளோடு தைக்காட்டிற்குப் போனோம். வரிசையில் நின்றோம். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். பணம் கொடுக்கப்படவில்லை. இன்று அந்த மகள் பகலில் மருத்துவமனையில் பணி செய்து, மாலையில் ஜெர்மன் படிக்கிறாள். முதல் தேர்வில் எழுத்துத் தாளில் தவறினாள், மீண்டும் எழுதப் போகிறாள். அவள் எப்போது போவாள், போவாளா என்பதை நான் சொல்ல இயலாது. ஆனால் அந்த வீட்டின் பத்திரம் அலமாரியில் இருக்கிறது. தகப்பன் இரவில் தூங்குகிறார்.

முதல் சகோதரர் இன்னும் சுமை இறக்குகிறார். அவருடைய மகள் சென்ற மாதம் கேரள அரசுத் தேர்வாணையத்தின் செவிலியர் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். இரவுப் பணி முடிந்து வந்து, இரண்டு மணி நேரம் உறங்கி எழுந்து படிக்கிறாள். அவளுடைய பதிவு எண்ணை யாரும் அடமானம் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. அவளையும், இப்படி இரவுப் பணியில் நிற்கும் நம் எல்லாப் பிள்ளைகளையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஓர் உறை இருக்குமானால், இன்றைக்கே அதைத் திறந்து வாசியுங்கள்.